அரை மில்லிமீட்டர் செய்யும் அட்டகாசம்!

கியர் சைக்கிள் வைத்திருக்கும் குட்டீஸ் எல்லாம் கையைத் தூக்குங்கள் பார்க்கலாம்! சரி, இப்போது உண்மையைச் சொல்லுங்கள். அதில் எத்தனை கியரை நீங்கள் மாற்றி மாற்றி ஓட்டுகிறீர்கள்?

புதுச்சேரியை அடுத்த பாகூர் பக்கத்தில் சேலியமேடு என்று ஒரு கிராமம் இருக்கிறது. கவிஞர் வாணிதாசன் வாழ்ந்த ஊர் அது. சுற்றிலும் நெல் வயல், பாகூர் ஏரித் தண்ணீர், கண்ணுக்கு எட்டிய தூரம் வரை சமவெளி. அங்கே இருக்கும் என் அக்கா பையன் எட்டாம் வகுப்பு படிக்கிறான். ஒரு வருஷம் உண்டியலில் காசு சேர்த்து, மீதியை அப்பாவிடம் கெஞ்சி, 21 கியர் சைக்கிள் ஒன்று வாங்கினான். தெருவே கூடி நின்று பார்த்தது!

இரண்டு மாதம் கழித்து நான் போனபோது, அந்தச் சைக்கிள் மாட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து கிடந்தது. பையன் பள்ளிக்குப் போவது தாத்தாவின் பழைய கறுப்புச் சைக்கிளில்!

"என்னடா ஆச்சு?" என்றேன்.

"கியர் சரியில்ல மாமா. லீவரைத் தள்ளினா செயின் ஏற மாட்டேங்குது. கடகடன்னு சத்தம் போடுது. ஏத்தத்துல மிதிச்சா குதிக்குது. கடையில கொண்டுபோய்க் காட்டினேன். கியர் சைக்கிள்னா அப்படித்தான் இருக்கும்னு சொல்லிட்டாங்க."

அப்புறம் அவனே ஒரு கேள்வி கேட்டான். "டி.வி.யில பிரான்ஸ் சைக்கிள் ரேஸ் காட்டுறாங்களே, அதுல எல்லாம் செயின் குதிக்காதா? அந்தக் கியர் மட்டும் லட்ச ரூபாயாமே! அப்படி என்ன மாமா அதுல இருக்கு?"

நல்ல கேள்வி இல்லையா? வாங்க, அந்த லட்ச ரூபாய் கியரையும் சேலியமேட்டுக் கியரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம்.

முதலில் பல்லை எண்ணுவோம்!

உங்கள் வீட்டில் கியர் இல்லாத சைக்கிள் இருந்தால் அதன் பற்சக்கரங்களில் எத்தனை பல் இருக்கிறது என்று எண்ணுங்கள். (சைக்கிள் அசையாமல் நிற்கும்போதுதான் எண்ண வேண்டும். சுற்றும் செயினில் விரல் போனால் விரல் திரும்பி வராது!) பெடலோடு இருக்கும் பெரிய சக்கரத்தில் 44 பல், பின்னால் இருக்கும் பிரீவீலில் 18 பல் என்று வைத்துக்கொள்வோம். பெடலை ஒரு முறை சுற்றினால் 44 பல் அளவு செயின் நகரும். 44ஐ 18ஆல் வகுத்தால் ஏறத்தாழ 2.4. அதாவது பின் டயர் 2.4 சுற்று சுற்றும். பெரிய சைக்கிள் டயரின் சுற்றளவு சுமார் 2.2 மீட்டர். ஆக, ஒரு மிதிக்குச் சைக்கிள் 5 மீட்டருக்குக் கொஞ்சம் மேல் போகிறது.

சேலியமேட்டில் இருந்து பாகூருக்குப் போக இது போதும். ரோடு தட்டையாக இருக்கிறதே! ஆனால் சித்திரை வெயிலில், மதியத்துக்கு மேல், கிருமாம்பாக்கம் பக்கமாகக் கடலை நோக்கி மிதித்துப் பாருங்கள். கடல் காற்று நெஞ்சில் கை வைத்துத் தள்ளும். புதுச்சேரிக்குப் போகும் வழியில் சுண்ணாம்பாற்றுப் பாலம் ஏறும்போது, பின்னால் ஒரு தங்கச்சியும் உட்கார்ந்திருந்தால், கேட்கவே வேண்டாம்!

அப்போது என்ன வேண்டும்? ஒரு மிதிக்குக் குறைந்த தூரம் போனால் போதும், ஆனால் மிதி லேசாக இருக்க வேண்டும். தெரு அடிபம்பை நினைத்துப் பாருங்கள். நீளமான கைப்பிடி இருந்தால் குட்டிப் பாப்பாகூடத் தண்ணீர் அடிக்கலாம். ஆனால் கையை அதிக தூரம் மேலும் கீழும் ஆட்ட வேண்டும். கைப்பிடி குட்டையாக இருந்தால் கொஞ்ச தூரம் ஆட்டினால் போதும், ஆனால் பெரியவருக்கே மூச்சு வாங்கும். கியர் என்பது கைப்பிடியின் நீளத்தை ஓடும்போதே மாற்றிக்கொள்வது மாதிரி. அவ்வளவுதான்!

இன்றைய ரேஸ் சைக்கிள் ஒன்றில் முன்னால் 50, 34 என்று இரண்டு பற்சக்கரம், பின்னால் 11 பல்லில் தொடங்கி 34 பல் வரை பன்னிரண்டு சக்கரம் இருக்கலாம். 50-11 போட்டால் ஒரு மிதிக்கு ஒன்பதரை மீட்டர்! 34-34 போட்டால் வெறும் 2 மீட்டர்தான். மசினகுடியில் இருந்து ஊட்டிக்கு ஏறும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன. 2008இல் தொடங்கிய 'டூர் ஆஃப் நீலகிரிஸ்' சைக்கிள் பயணத்தில் வருகிறவர்களை அழ வைக்கும் ஏற்றம் அதுதான். அங்கே கை தேடுவது இந்த 2 மீட்டர் கியரைத்தான். தாத்தா சைக்கிளின் 5 மீட்டர் கியரோடு அங்கே போனால், தள்ளிக்கொண்டு நடக்க வேண்டியதுதான்.

சக்கரத்தையே கழற்றித் திருப்பிய காலம்

முதல் முதலாக ரேஸ் ஓட்டியவர்களுக்கு இந்த வசதி கிடையாது. பின் சக்கரத்தின் இந்தப் பக்கம் ஒரு பற்சக்கரம், அந்தப் பக்கம் வேறு அளவில் ஒரு பற்சக்கரம். மலை அடிவாரம் வந்ததும் கீழே இறங்கி, சக்கரத்தைக் கழற்றி, திருப்பி மாட்டி, அப்புறம் ஏற வேண்டும். உச்சிக்குப் போனதும் மறுபடியும் கழற்று, மறுபடியும் திருப்பு!

பிரான்சில் செந்த் எத்தியேன் என்ற ஊரில் போல் தெ விவி என்று ஒருவர் இருந்தார். 'வெலோசியோ' என்ற பெயரில் சைக்கிள் பத்திரிகையில் எழுதியவர். ஓடும்போதே கியர் மாற வேண்டும் என்று விடாமல் வாதாடியவர். 1902இல் ஒரு சோதனை வைத்தார்கள். மலைப்பாதை. எதுவார் ஃபிஷர் என்ற வீரர் ஒற்றைக் கியர் சைக்கிளில். மார்த் எஸ் என்ற பெண் மூன்று கியர் சைக்கிளில். யார் ஜெயித்தார்கள் தெரியுமா? மார்த் எஸ்தான்! வழி முழுக்கக் காலைத் தரையில் ஊன்றவே இல்லையாம்.

பிரான்சைச் சுற்றி வரும் 'டூர் த பிரான்ஸ்' போட்டியை 1903இல் தொடங்கியவர் ஆன்ரி தெக்ராஞ்ச். அவருக்கு இது பிடிக்கவே இல்லை. கியர் எல்லாம் 45 வயதைத் தாண்டியவர்களுக்குத்தான், வீரன் கால் பலத்தால் ஜெயிக்க வேண்டும் என்று எழுதினார்! ஜெயித்தது கியர், ஆனாலும் அவர் பிடித்த பிடியை விடவில்லை. 1937இல்தான் அந்தப் போட்டியில் கியர் மாற்றும் கருவிக்கு எல்லோருக்கும் அனுமதி கிடைத்தது. அந்த வருஷம் ஜெயித்தவர் ரோஜே லபேபி. அப்போது பாகூரும் சேலியமேடும் பிரெஞ்சு ஆட்சியில்தான் இருந்தன.

செயினை ஒரு பற்சக்கரத்தில் இருந்து இன்னொன்றுக்குத் தள்ளிவிடும் கருவிக்குப் பெயரும் பிரெஞ்சுதான்: தெராயர். 'தண்டவாளத்தில் இருந்து இறக்கிவிடுவது' என்று அர்த்தம். ரயிலுக்கு ஆபத்து, சைக்கிளுக்கு உதவி! நம் ஊர் சைக்கிள் கடையில் 'டிரெய்லர்' என்று சொல்வார்கள். வண்டிக்குப் பின்னால் கட்டி இழுக்கும் டிரெய்லர் இல்லை, இது வேறு. பின் சக்கரத்துக்கு வலது பக்கம், இரண்டு குட்டிச் சக்கரங்களோடு தொங்குகிறதே, அதுதான்.

வயலினா, வீணையா?

தெராயரின் வேலை ரொம்ப எளிது. ஹேண்டில் பாரில் இருந்து ஒரு கம்பி ஒயர் வருகிறது. ஒயரை இழுத்தால் தெராயர் உள்பக்கம் நகர்ந்து செயினைப் பெரிய பற்சக்கரத்தில் ஏற்றும். ஒயரை விட்டால் உள்ளே இருக்கும் ஸ்பிரிங் அதை வெளியே இழுத்து, செயினைச் சின்னச் சக்கரத்தில் இறக்கும்.

கேள்வி என்னவென்றால், ஒயரை எவ்வளவு இழுப்பது?

பழைய ரேஸ் சைக்கிள்களில் இதை ஓட்டுகிறவர்தான் முடிவு செய்ய வேண்டும். லீவரில் எந்த அடையாளமும் கிடையாது. கொஞ்சம் இழுத்து, செயின் சத்தத்தைக் காதால் கேட்டு, இன்னும் ஒரு மயிரிழை இழுத்து, சத்தம் அடங்கினால் சரி. வயலின் வாசிக்கிற மாதிரி. வயலினில் விரல் வைக்கும் இடத்தைக் காட்ட ஒன்றும் இருக்காது. காதுதான் வழிகாட்டி.

1984இல் ஜப்பான் நாட்டு ஷிமானோ கம்பெனி இதை வீணை ஆக்கியது! வீணையில் 24 மெட்டுகள் இருக்கின்றன அல்லவா? மெட்டுக்குப் பக்கத்தில் விரலை அழுத்தினால் ஸ்வரம் தானாகச் சரியாக விழும். அதே மாதிரி லீவருக்கு உள்ளே பல் வைத்த ஒரு குட்டி வட்டு, அதில் விழும் ஒரு கொக்கி. லீவரைத் தள்ளினால் 'டிக்'. ஒரு டிக்குக்கு ஒரே அளவு ஒயர் இழுபடும், ஒரே ஒரு பற்சக்கரம் மாறும். காது கேட்க வேண்டாம், கண் பார்க்க வேண்டாம். 'டூரா-ஏஸ்' என்ற ரேஸ் வகையில் முதலில் வந்தது. அப்புறம் சின்னப் பிள்ளைகள் சைக்கிள் வரைக்கும் பரவிவிட்டது. உங்கள் கியர் சைக்கிளில் கேட்கும் 'டிக்' அதன் பேரப்பிள்ளை!

ஒரு டிக்குக்கு எவ்வளவு ஒயர் நகரும் தெரியுமா? பின்னால் 8 சக்கரம் உள்ள ஷிமானோ ரேஸ் சைக்கிளில் 2.8 மில்லிமீட்டர். தெராயர் அதைப் பெருக்கி 4.8 மில்லிமீட்டர் நகரும். ஒரு சக்கரத்துக்கும் அடுத்த சக்கரத்துக்கும் உள்ள தூரம் அதுதான். பின்னால் 11 சக்கரம் என்றால், எல்லாவற்றையும் நெருக்கி அடைக்க வேண்டும். அப்போது இடைவெளி 3.7 மில்லிமீட்டர் அளவுக்குக் குறைந்துவிடும்.

உங்கள் ஸ்கேலை எடுத்து 2.8 மில்லிமீட்டர் எவ்வளவு என்று பாருங்கள். ஒரு நெல்மணியின் அகலம்தான் இருக்கும்! இதில் அரை மில்லிமீட்டர் ஒயர் தளர்ந்தால் என்ன ஆகும்? வீணையில் தந்தி தளர்ந்தால் எந்த மெட்டில் விரல் வைத்தாலும் அபஸ்வரம்தானே? அதே கதைதான். 'டிக்' சரியாகக் கேட்கும், ஆனால் செயின் பாதி ஏறி, பாதி ஏறாமல் 'கடகட' என்று உரசும். அழுத்தி மிதித்தால் குதிக்கும்.

அக்கா பையனின் சைக்கிள் நோய் என்ன என்று கண்டுபிடித்துவிட்டீர்களா? சபாஷ்! அதற்கு மருந்தைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், லட்ச ரூபாய்க்காரர்களைப் பார்த்துவிடுவோம்.

மூன்று கம்பெனி, மூன்று விதமான விரல்

ரேஸ் சைக்கிளில் கியர் லீவர், முன்னும் பின்னும் தெராயர், பெடல் கைகள், பற்சக்கரங்கள், செயின், பிரேக் எல்லாவற்றையும் ஒரே குடும்பமாகச் செய்து விற்பார்கள். அதற்குக் 'குரூப்செட்' என்று பெயர். ஒன்றுக்கொன்று அளவு பொருந்த வேண்டுமே, அதனால்தான். ரேஸ் உலகத்தில் மூன்று பெரிய கம்பெனிகள் உண்டு.

ஷிமானோ 1921இல் ஜப்பானின் சகாய் நகரத்தில் தொடங்கியது. கத்தி, வாள் செய்வதில் பேர் போன ஊர் அது. அங்கே ஷோசாபுரோ ஷிமானோ முதலில் செய்தது என்ன தெரியுமா? பிரீவீல்! தாத்தா சைக்கிளை மிதிக்காமல் உருட்டினால் 'டிக் டிக் டிக்' என்று சத்தம் வருகிறதே, அதே பிரீவீல்தான்.

1990இல் இவர்கள் பிரேக் பிடியையும் கியர் லீவரையும் ஒன்றாக்கினார்கள். அதற்கு முன்பு கியர் மாற்ற ஒரு கையை ஹேண்டில் பாரில் இருந்து எடுத்து, சைக்கிளின் கீழ்க் குழாயில் இருக்கும் லீவரைத் தேட வேண்டும். இறக்கத்தில் இது எவ்வளவு ஆபத்து! புதிய முறையில் பிரேக் பிடியையே உள்பக்கம் தள்ளினால் செயின் பெரிய சக்கரத்தில் ஏறும். அதற்குப் பின்னால் ஒளிந்திருக்கும் சின்ன லீவரைத் தட்டினால் இறங்கும். ஷிமானோ லீவர் வெண்ணெய் மாதிரி வழுக்கும். சத்தமும் கம்மி. மாறியதே தெரியவில்லையே என்று சிலர் குறைகூடச் சொல்வார்கள்!

இத்தாலியின் காம்பஞோலோ கதை வேறு மாதிரி. துல்லியோ காம்பஞோலோ ஒரு ரேஸ் வீரர். 1927இல் ஒரு பனி நாளில், மலைக் கணவாய் ஒன்றில், சக்கரத்தைத் திருப்பி மாட்டுவதற்காக இறங்கினார். விரல்கள் குளிரில் விறைத்துப்போய், சக்கரத்தின் நட்டைத் திருக முடியவில்லை. அந்தக் கோபத்தில்தான், ஒரே தட்டில் சக்கரத்தை விடுவிக்கும் லீவரை அவர் கண்டுபிடித்தார் என்று அந்தக் கம்பெனியின் வரலாறு சொல்கிறது. 1933இல் விசென்சா நகரத்தில் சொந்தமாகத் தொழில் தொடங்கினார். இவர்கள் லீவரில் பிரேக் பிடி பிரேக்குக்கு மட்டும்தான். பின்னால் உள்ள லீவர் செயினை ஏற்றும். இறக்குவதற்குப் பெருவிரலுக்கென்று பக்கவாட்டில் ஒரு பொத்தான் போன்ற லீவர். ஒவ்வொரு விரலுக்கும் ஒரு வேலை, குழப்பமே கிடையாது. 'டக்' என்று அழுத்தமாக விழும். பழைய வீட்டுக் கதவுத் தாழ்ப்பாள் மாதிரி. உயர்ந்த வகைகளில் பெருவிரலை ஒரே அழுத்தில் நீளமாக அழுத்தினால் பல கியர் ஒன்றாக இறங்கும். ஓட்டுகிறவர்களில் இதற்கென்றே உயிரை விடுகிற ரசிகர்கள் உண்டு. எனக்குக் கேட்டால், விரல் விறைத்துப்போன ஒருவர் தொடங்கிய கம்பெனி விரலை மதிப்பதில் ஆச்சரியம் இல்லை என்பேன்.

மூன்றாவது ஸ்ராம். அமெரிக்காவின் சிகாகோவில் 1987இல் பிறந்தது. மூன்றில் இதுதான் கடைக்குட்டி. முதலில் செய்தது, கைப்பிடியையே முறுக்கி மாற்றும் கியர். மோட்டார் சைக்கிள் ஆக்சிலேட்டர் மாதிரி. சின்னப் பிள்ளைகள் சைக்கிள் சிலவற்றில் இன்றும் அந்த மாதிரிக் கைப்பிடியைப் பார்க்கலாம். ரேஸ் சைக்கிளுக்கு வந்தபோது இவர்கள் ஒரே லீவரில் இரண்டு வேலையையும் வைத்தார்கள். லேசாக ஒரு தட்டு தட்டினால் செயின் இறங்கும். அதே லீவரை நீளமாகத் தள்ளினால் ஏறும். புதிதாக ஓட்டுகிறவர்கள் ஏற்றத்தில் அரைகுறையாகத் தள்ளி, லேசான கியருக்குப் பதில் கனமான கியரை வாங்கிக்கொண்டு முழிப்பதும் உண்டு!

எது உசத்தி? பலர் சண்டையே போடுவார்கள். உண்மையில் மூன்றும் செயினைச் சரியான இடத்தில் வைக்கும். வித்தியாசம் உங்கள் விரலுக்கு வரும் பதிலில்தான் இருக்கிறது. வழுக்கல் பிடிக்குமா, அழுத்தம் பிடிக்குமா என்பது கையெழுத்துக்கு எந்தப் பேனா பிடிக்கும் என்பது மாதிரி.

ஒயரே இல்லாத கியர்!

2009இல் ஷிமானோ டூரா-ஏஸில் கம்பி ஒயருக்குப் பதில் மின்சாரத்தைக் கொண்டுவந்தது. லீவர் இருந்த இடத்தில் பொத்தான். அழுத்தினால் தெராயருக்குள் இருக்கும் குட்டி மோட்டார் 'ஜீக்' என்று அளந்து நகர்த்தும். 2015இல் ஸ்ராம், மின்சார ஒயரும் வேண்டாம் என்று ரேடியோ அலையில் வேலை செய்யும் கியரை அறிமுகம் செய்தது. வலது கைப் பொத்தான் கனமான கியர், இடது கைப் பொத்தான் லேசான கியர், இரண்டையும் சேர்த்து அழுத்தினால் முன் சக்கரம் மாறும். குழந்தைகூட ஒரு நிமிடத்தில் கற்றுக்கொள்ளும். 2021இல் வந்த டூரா-ஏஸில் கம்பி ஒயர் வகையே கிடையாது.

இதன் பெரிய லாபம் வேகம் இல்லை. தளர்வதற்கு ஒயர் இல்லை, அவ்வளவுதான்! பத்தாயிரம் தடவை மாற்றினாலும் பத்தாயிரம் தடவையும் ஒரே அளவு நகரும். ஆனால் செல்போன் மாதிரி சார்ஜ் போட வேண்டும். பேட்டரி காலியானால் எந்தக் கியரில் நிற்கிறதோ, அதிலேயே வீடு வர வேண்டும்.

சரி, லட்ச ரூபாய்க்கு என்னதான் கிடைக்கிறது? எடை குறையும். கார்பன், டைட்டானியம் என்று விலை உயர்ந்த பொருட்களில் செய்திருப்பார்கள். பேரிங் வழுவழுப்பாகச் சுற்றும். மாறும் உணர்வு அருமையாக இருக்கும். ஆனால் 34 பல்லில் செயின் விழுந்தால், சாதாரண கியரிலும் டூரா-ஏஸிலும் ஒரு மிதிக்குப் போகும் தூரம் ஒன்றுதான். பல் கணக்குக்குப் பணக்காரன், ஏழை தெரியாது.

கடையில் '21 கியர்' என்று ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதையும் கொஞ்சம் பிரித்துப் பார்ப்போமா? முன்னால் 3, பின்னால் 7. பெருக்கினால் 21. முன்னால் 28 பல், பின்னால் 14 பல் போட்டால் விகிதம் 2. முன்னால் 48, பின்னால் 24 போட்டால்? அதுவும் 2! இப்படிப் பல கியர்கள் ஒன்றாகவே இருக்கும். போதாததற்கு, முன் பெரிய சக்கரத்தையும் பின் பெரிய சக்கரத்தையும் சேர்த்துப் போட்டால் செயின் குறுக்காக இழுபட்டுத் தேயும். அதனால் அந்தக் கோடிக் கியர்களையும் விட்டுவிட வேண்டும். சேலியமேடு மாதிரி சமவெளி ஊருக்கு முன்னால் ஒரு சக்கரம், பின்னால் ஏழு சக்கரம் உள்ள சைக்கிள் தாராளமாகப் போதும் என்பது என் கட்சி. ஒரு தெராயர் குறைந்தால் கெட்டுப்போக ஒரு பொருள் குறைவு!

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கியர் சைக்கிளின் பின் பற்சக்கரத்தை உற்றுப் பார்த்தால் சில பற்கள் குட்டையாக, ஒரு பக்கம் சரிவாக, முறுக்கிய மாதிரி இருக்கும். "ஐயோ, தேய்ந்துவிட்டது" என்று பயப்படாதீர்கள். செயின் சுலபமாக ஏறுவதற்கு வேண்டுமென்றே வெட்டிய படிக்கட்டுகள் அவை. ஷிமானோ 1989 வாக்கில் கொண்டுவந்த தந்திரம் இது. மிதித்துக்கொண்டே மாற்ற வேண்டும், ஆனால் அழுத்தி மிதிக்காமல் மாற்ற வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். சக்கரம் சுற்றினால்தானே செயின் படிக்கட்டைக் கண்டுபிடிக்கும்? ஏற்றம் தொடங்கிய பிறகு முக்கிக்கொண்டு மாற்றாமல், பாலம் வருவதற்குப் பத்தடி முன்பே மாற்றிவிடுங்கள்.

இப்போது மருந்து!

புது சைக்கிளில் ஒயரும், அதன் மேல் உறையும் முதல் சில வாரங்களில் நன்றாக அமுங்கி உட்காரும். அதனால் ஒயர் துளி தளர்ந்துவிடும். எந்தக் கம்பெனி கியரானாலும் இது நடக்கும். ஒரு மாதம் ஓட்டிய பிறகு ஒரு தடவை சரிசெய்தாக வேண்டும். இதைச் சொல்லிக் கொடுக்காததால்தான் எத்தனையோ நல்ல சைக்கிள்கள் கொட்டகையில் கிடக்கின்றன.

கொட்டகையில் இருந்து சைக்கிளை வெளியே எடுத்தோம். அதில் சைடு ஸ்டாண்டு மட்டும்தான். அதனால் அவன் தங்கை பின்னால் நின்று, தரையில் படாமல் பின் சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தாள். முதலில் தெராயர் நேராகத் தொங்குகிறதா என்று பின்னால் நின்று பார்த்தேன். சைக்கிள் வலது பக்கமாக விழுந்திருந்தால் அதைத் தாங்கும் இரும்பு உள்பக்கம் வளைந்திருக்கும். அப்படி இருந்தால் நாம் ஒன்றும் செய்ய முடியாது, மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். நல்லவேளை, நேராகத்தான் இருந்தது.

ஒயர் தெராயருக்குள் நுழையும் இடத்தில், விரலால் திருகும் மாதிரி சொரசொரப்பான ஒரு குமிழ் இருக்கும். அதுதான் வீணையின் பிருடை! தந்தியைச் சுருதி சேர்க்க நாம் திருகுவது அதைத்தான். பக்கத்தில் 'எச்', 'எல்' என்று எழுதிய இரண்டு குட்டி ஸ்குரூக்கள் இருக்கும். அவற்றின் பக்கம் போகாதீர்கள். செயின் கடைசிச் சக்கரத்தைத் தாண்டி ஸ்போக்ஸ் கம்பிக்குள் விழாமல் காப்பவை அவை.

"செயினைக் கடைசிச் சின்னச் சக்கரத்துக்குக் கொண்டு வா. கையால பெடலை மெதுவாச் சுத்து. இப்போ ஒரே ஒரு டிக்" என்றேன்.

டிக். செயின் இரண்டாவது சக்கரத்தில் ஏறவில்லை. கடகடகட...

"ஒயர் தளர்ந்திருக்கு. பின்னால நின்னு பாரு. குமிழைக் கடிகார முள்ளுக்கு எதிர்ப் பக்கம் அரைச் சுற்று திருகு."

திருகினான். பெடலைச் சுற்றினான். செயின் தயங்கித் தயங்கி ஏறியது. ஆனால் உரசல் சத்தம் போகவில்லை. இன்னொரு அரைச் சுற்று. சத்தம் பாதியாகக் குறைந்தது. இன்னொரு அரைச் சுற்று. இப்போது மூன்றாவது சக்கரத்தில் உரசத் தொடங்கியது!

"அதிகமாயிடுச்சு மாமா!"

"அப்போ கொஞ்சம் பின்னால வா. கால் சுற்று."

கடிகார முள் சுற்றும் பக்கமே கால் சுற்று திருகினான். சத்தம் சட்டென்று நின்றது. பக்கத்தில் மாடு அசைபோடும் சத்தம் கேட்கும் அளவுக்கு அமைதி! டிக், இரண்டு. டிக், மூன்று. டிக், நான்கு. ஏழு வரைக்கும் போய், மறுபடியும் ஒவ்வொன்றாக இறங்கி வந்தது.

லீவர் மட்டும் கொஞ்சம் கனமாக இருந்தது. மழையில் நனைந்த சைக்கிளில் ஒயர் உறைக்குள் துரு பிடித்திருக்கும். உறையின் வாயில் இரண்டு சொட்டு தையல் மெஷின் எண்ணெய் விட்டு, லீவரை இருபது தடவை தள்ளித் தள்ளி விட்டோம். செயினையும் பழைய துணியால் துடைத்து, ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, மிச்சத்தைத் துடைத்து எடுத்தோம். எண்ணெய் மேலே வழிந்தால் பாகூர் ரோட்டுப் புழுதி முழுவதும் அதில்தான் வந்து ஒட்டும்.

மொத்தச் செலவு, எண்ணெய்க்கு மட்டும்தான்.

தங்கை சக்கரத்தைக் கீழே இறக்கிவிட்டு, "அண்ணா, நான் தூக்கிப் பிடிச்சேன்ல? முதல் ரவுண்டு எனக்குத்தான்" என்று சொல்லிக்கொண்டே சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ஏரிக்கரை ஏற்றம் வரைக்கும் போய்வந்து, எந்தக் கியரில் ஏறியது என்று சொல்வதாகப் பேச்சு. அவள் திரும்பி வரும் வரை அண்ணன்காரன் தாத்தாவின் கறுப்புச் சைக்கிள் பக்கத்தில் உட்கார்ந்து, அதன் பற்களை எண்ணிக்கொண்டிருந்தான்.